எங்கள் ஏரியா ரேஷன் கடை: ஐந்துக்கு மூன்றரை

முதலில் சரக்கு. புழுங்கல் அரிசி இட்லி மாவுக்குத் தாராளமாக ஆகும், சோற்றுக்கு ஆகுமா என்பது அந்த மாதம் வந்த மூட்டையைப் பொறுத்தது. பச்சரிசியில் சில சமயம் வாடை அடிக்கும். 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில், இந்த இரண்டுக்காகவே வரிசையில் நிற்கலாம், ஆனால் இரண்டும் ஒரே நாளில் கிடைத்தால் அதிர்ஷ்டம். "ஸ்டாக் வரல" என்பார் கடைக்காரர், எப்போது வரும் என்று மட்டும் சொல்ல மாட்டார். கைரேகை மெஷின் வயதானவர்களையும் கட்டட வேலைக்குப் போகிறவர்களையும் பாடாய்ப் படுத்துகிறது, தேய்ந்த விரலை அது ஏற்பதே இல்லை. வாங்காத அரிசிக்கும் வாங்கியதாக மெசேஜ் வருவதுதான் பெரிய எரிச்சல், ஒன்றரை மார்க் அதற்கே போனது.

மிச்ச மூன்றரை எதற்கு என்றால், நீ எவ்வளவு ஏழை என்று இந்தக் கடை கேட்பதில்லை. 1997-இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று அட்டைகளைப் பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் என்ற முறையை விடவில்லை. 2017-இல் கார், ஏசி, மூன்று அறை கான்கிரீட் வீடு இருந்தால் முன்னுரிமைப் பட்டியலில் இடமில்லை என்று அரசிதழில் வந்து ஊரே கொந்தளித்தது, அப்புறம் பொருள் வழங்குவதில் மாற்றம் இல்லை என்று அரசே விளக்கம் சொன்னது.

வசதியை அளந்து பார்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையைப் பாருங்கள். திட்டம் நல்லது, மாதம் 1000 ரூபாய் பல வீடுகளில் பெண் கையில் நிற்கிற ஒரே காசு. ஆனால் அப்போது வைத்த அளவுகோல்: ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், கரண்ட் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள், கார் கூடாது. அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் மீட்டருக்கு அது எப்படித் தெரியும்? லோனில் கார் எடுத்துத் தவணை கட்டுகிறவரும் அந்த அளவுகோலின் கணக்கில் வசதிக்காரர்தான். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்களே தவிர குழுக் கடன் எவ்வளவு, அடகில் எத்தனை பவுன், தண்டல் எவ்வளவு என்று விண்ணப்பத்தில் எந்தக் கட்டமும் கேட்பதில்லை. ஒரு குடும்பம் நிஜமாக எப்படி இருக்கிறது என்பது அங்கேதானே இருக்கிறது.

வரிசையில் எப்போதும் ஒருவர் இருப்பார், "ஸ்கூட்டில வந்து ஓசி அரிசி வாங்குறாங்க பாரு" என்று. அவர் வண்டியும் கடை வாசலில்தான் நிற்கும், அது வேறு கதை. அந்த ஸ்கூட்டிக்கு இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று அவருக்குத் தெரியாது. உண்மையில் வசதியானவர்கள் பலர் இந்த அரிசிக்காகக் கால் கடுக்க நிற்பதில்லை, சர்க்கரையும் பருப்பும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். யாரும் பிரித்துப் பார்க்காமலே வரிசையே ஆட்களைக் கொஞ்சம் வடிகட்டி விடுகிறது. வேண்டாத அரிசியை வாங்கிக் கைமாற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக எல்லோரையும் சான்றிதழ் வாங்க அலையவிட்டால் முதலில் விட்டுப் போகிறவர் ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவர்தான்.

புதிதாகக் குடி வருகிறவர்களுக்கு: பருப்பும் எண்ணெயும் வேண்டுமென்றால் மாதக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். அரிசியே வேண்டாம் என்றால் சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொள்ளலாம். பை நீங்களே எடுத்துப் போங்கள்.