42 பெயர்கள், ஒரு வெற்றுத்தாள்: சுமோ கணிப்பு விளையாட்டு

2024 மார்ச் மாதம், ஒசாகா போட்டி தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது தம்பி ஓர் இணைப்பை அனுப்பினான். "அக்கா, எத்தனை நாள்தான் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பாய்? ஒருமுறை கணித்துப் பார்" என்றான். அன்று தொடங்கி 2025 நவம்பர் ஃபுகுவோகா போட்டி வரை 11 போட்டிகள், ஒன்றுகூட விடாமல் ஆடியிருக்கிறேன். புதிதாக வர நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதில் பணம் கிடையாது. கட்டணமும் இல்லை, பரிசும் இல்லை. சுமோ ரசிகர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் விளையாட்டு. பணம் இருந்திருந்தால் நான் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். 2010-இல் மல்லர்கள் பேஸ்பால் சூதாட்டத்தில் சிக்கினார்கள். அடுத்த ஆண்டு, வெற்றி தோல்வியை முன்பே பேசிவைத்துக்கொண்டு மோதியது அம்பலமாகி, மார்ச் போட்டியையே ரத்து செய்தார்கள். சுமோவை நேசிக்கும் யாரும் அந்த இரண்டு ஆண்டுகளையும் எளிதில் மறக்க முடியாது.

விளையாட்டில் இரண்டு பகுதிகள். ஆண்டுக்கு ஆறு போட்டிகள், ஒவ்வொன்றும் 15 நாள். அந்த 15 நாளும் மேல்பிரிவின் 10 மோதல்களில் யார் வெல்வார் என்று குறிப்பது முதல் பகுதி. போட்டி தொடங்கும் முன்பே கோப்பை யாருக்கு என்றும் ஒரு பெயர் எழுத வேண்டும். இந்தக் கோப்பைக் கணிப்பை நான் பெரிதாக மதிப்பதில்லை. நான் சேர்ந்த முதல் போட்டியில் எல்லோரையும்போல் ஓர் ஓசெகியின், அதாவது இரண்டாவது உயர்ந்த பட்டம் பெற்றவரின், பெயரை எழுதினேன். வென்றவர் தகெருஃபூஜி. மேல்பிரிவில் அவருக்கு அதுதான் முதல் போட்டி. மேல்பிரிவில் பட்டம் இல்லாதவர்கள் நிற்கும் வரிசை மாயெகாஷிரா. அவர் இருந்தது அதன் கடைசிப் படியான 17-இல். 14-ஆம் நாள் கணுக்காலில் அடிபட்டு, மறுநாள் கட்டுப்போட்ட காலோடு வந்து வென்றார். அறிமுகப் போட்டியிலேயே கோப்பையை எடுத்தவர் 110 ஆண்டுகளில் அவர் ஒருவர்தான். 2025 ஜூலையில் நகோயாவில் மாயெகாஷிரா 15-இலிருந்து கொடோஷோஹோ வென்றபோதும் இதே கதை. இவற்றைக் கணிக்க ஜோதிடம்தான் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனாலும் அந்தக் கட்டத்தில் நான் மனதாரப் பெயர் எழுதிய போட்டி ஒன்று உண்டு. 2025 மார்ச், தகாயாசு. 2022 மார்ச்சிலும் அதே ஆண்டு நவம்பரிலும் சமநிலையை முறிக்கும் கடைசி மோதல் வரை வந்து கோப்பையை நழுவவிட்டவர். வயது முப்பத்தைந்து, முதுகில் நீண்டநாள் வலி. புள்ளிக் கணக்கு பார்த்தால் அவரை எழுதக் கூடாது, எழுதினேன். 15-ஆம் நாள் முடிவில் அவரும் ஓனோசாட்டோவும் 12-3, அதாவது 12 வெற்றி, 3 தோல்வி. மறுபடியும் அந்தக் கடைசி மோதல், மறுபடியும் தோல்வி. அன்று எனக்குக் கிடைத்த புள்ளி பூஜ்யம். அந்தக் கணிப்புக்காக இன்றுவரை நான் வருந்தவில்லை.

தினசரிக் கணிப்பில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நான் ஆடும் விளையாட்டில் முந்தைய இரவே கணிப்பைப் பூட்டிவிடுகிறார்கள். காயம்பட்ட மல்லர் விலகும் செய்தியோ பெரும்பாலும் மோதல் நடக்கும் நாளின் காலையில்தான் வருகிறது. எதிராளிக்குக் களம் ஏறியதுமே வெற்றி. விலகியவரை நம்பிக் குறித்த நமக்குத் தோல்வி. ஒரே போட்டியில் நான்கு நாள் இப்படி இழந்தேன். நடக்காத ஒரு மோதலில் நான் தவறாகக் கணித்தேன் என்பது எந்த நியாயம்? அத்தகைய மோதல்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டாலே போதும். நடத்துகிறவர்களுக்கு இரண்டுமுறை எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது, விதி மாறவில்லை.

இந்தக் குறையோடு நின்றிருந்தால் நான் இரண்டாவது போட்டியோடு விலகியிருப்பேன். என்னை விலகவிடாமல் தங்க வைத்தது தம்பி சொன்ன ஒரு வார்த்தை. "நீ ஜெயிக்கிறவர்களையே பார்க்கிறாய் அக்கா. ஏழுக்கு ஏழில் நிற்கிறவர்களைப் பார்."

சுமோவில் 15-இல் எட்டு வென்றால் கச்சிகோஷி, மல்லர் தலைநிமிர்ந்து போகலாம். ஏழு என்றால் மாகெகோஷி, படி இறங்க வேண்டும். ஆக, 14 நாள் முடிந்து 7-7 என்று நிற்பவருக்குக் கடைசி நாளின் சில நொடிகள்தான் அடுத்த இரண்டு மாதங்களைத் தீர்மானிக்கின்றன. கோப்பைக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அன்றைக்கு அவர் உப்பை அள்ளி வீசும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டாவது மோதலிலோ மூன்றாவதிலோ, அரங்கம் இன்னும் சூடேறாத நேரத்தில், 4.55 மீட்டர் வட்டத்துக்குள் அப்படி இரண்டு பேர் எதிரெதிரே குந்தியிருப்பார்கள். ஒருவர் எட்டு, ஒருவர் ஏழு என்றாகும். பல ஆண்டுகள் சுமோ பார்த்தும் இந்த மோதல்களை நான் தேநீர் போடும் நேரமாகத்தான் வைத்திருந்தேன். அதை மாற்றியது இந்த விளையாட்டின் இரண்டாம் பகுதி.

அது பன்ஸுகேயை, அதாவது மல்லர்களின் தரவரிசைத் தாளைக் கணிப்பது. போட்டி முடிந்த புதன்கிழமை நடுவர் குழு கூடித் தரவரிசையை முடிவு செய்கிறது. உச்சப் பட்டமான யோகோசுனாவை, அல்லது ஓசெகியைப் புதிதாக அடைந்தவர்கள், இரண்டாம் பிரிவுக்கு ஏறுகிறவர்கள் ஆகியோரின் பெயர்களை மட்டும் அன்றே சொல்வார்கள். மற்ற எல்லாம் ரகசியம். வழக்கமாக அடுத்த போட்டிக்கு 13 நாள் முன்பு, திங்கள்கிழமை காலையில்தான் தாள் வெளிவரும். இந்த இடைவெளியில் மேல்பிரிவின் 42 இடங்களையும் நாம் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு படியிலும் கிழக்கு, மேற்கு என இரண்டு பக்கம், கிழக்கு அரைப் படி உயர்ந்தது. படியும் பக்கமும் பொருந்தினால் 2 புள்ளி. படி சரியாகி, கிழக்கு மேற்கு மாறிப்போனால் 1. முழு மதிப்பெண் 84. முதல்முறை நான் வாங்கியது 31. இதுவரை என் உச்சம் 57.

கணக்கு எளிது என்று தோன்றும். வென்றதில் தோற்றதைக் கழித்தால் வருவதே ஏறும் படி, இறங்கும் படி. மாயெகாஷிரா 9-இல் 11-4 எடுத்தவர் ஏழு படி ஏறி 2-க்கு வர வேண்டும். 2-இல் 6-9 எடுத்தவர் மூன்று படி இறங்கி 5-க்குப் போக வேண்டும். ஆனால் 42 பேருக்கும் இப்படிப் போட்டால் ஓர் இடத்துக்கு மூன்று பேர் நிற்பார்கள், இன்னோர் இடம் காலியாகக் கிடக்கும். அங்கேதான் விளையாட்டு தொடங்குகிறது. 7-8 எடுத்தவர் கிழக்கிலிருந்து மேற்குக்கு நகர்ந்து, அரைப் படியோடு தப்பிவிடுவதும் உண்டு. ஓசெகிக்கும் மாயெகாஷிராவுக்கும் இடைப்பட்ட பட்டங்களில் செகிவாகே இரண்டு பேர், அதற்குக் கீழே கோமுசுபி இரண்டு பேர் என்பது வழக்கம். அந்த நால்வரும் எட்டு வென்றுவிட்டால், மாயெகாஷிரா 1-இல் ஒன்பது வென்றவருக்கு மேலே இடமிருக்காது. அவருக்காக மூன்றாவது கோமுசுபி இடத்தை உண்டாக்குவார்களா, அங்கேயே காத்திருக்கச் சொல்வார்களா? ஜப்பானியர்கள் இதைப் பன்ஸுகே அதிர்ஷ்டம் என்பார்கள். மேலே ஓர் இடம் கூடினால் கீழே ஓர் இடம் குறையும். மொத்தம் 42-ஐத் தாண்டாது.

நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஓர் எண்ணைத் திருத்தினால் தாள் முழுவதும் அசைவது எனக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே அசைவது மனிதர்கள். கடைசி வரிகளில் கை தயங்கும். மாயெகாஷிரா 17-இல் 7-8 எடுத்தவரை இறக்கலாமா என்பது, இரண்டாம் பிரிவில் எத்தனை பேர் ஏறத் தகுதியோடு நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் பார்த்தே இராத இரண்டாம் பிரிவையும் பார்க்கத் தொடங்கினேன்.

ஒரு முறை தம்பி அச்சிட்ட பன்ஸுகே தாள் ஒன்றை வாங்கி அனுப்பினான். கியோஜி எனப்படும் நடுவர்கள் தூரிகையால் கையால் எழுதுவதைச் சுருக்கி அச்சிடுகிறார்கள். ஐந்து வரிசை, வலப்பக்கம் கிழக்கு, இடப்பக்கம் மேற்கு. மேல் வரிசையில் யோகோசுனாவின் பெயர் தடித்து, அகன்று நிற்கிறது. கீழே இறங்க இறங்க எழுத்து மெலிகிறது. அடிவரிசையில் முடிகளை நெருக்கமாக அடுக்கியதுபோல் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கே 'பூதக்கண்ணாடி' என்று பெயராம். நான் உண்மையிலேயே பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்த்தேன். தெருனோஃபூஜி நினைவுக்கு வந்தார். ஓசெகியாக மேல் வரிசையில் இருந்தவர், முழங்கால் காயத்தாலும் நோயாலும் 2019-இல் நான்காம் வரிசையின் பொடி எழுத்து வரை இறங்கினார். 2020 ஜூலையில் மாயெகாஷிரா 17-இலிருந்து கோப்பையை வென்று, அடுத்த ஆண்டு 73-ஆவது யோகோசுனா ஆனார். அவர் திரும்பி ஏறிய தூரம் எவ்வளவு என்பது அந்தத் தாளின்மேல் விரலை வைத்து நகர்த்தியபோதுதான் எனக்கு உறைத்தது.

பன்ஸுகே கணிப்புக்கு என்னிடம் 5-க்கு 5. தினசரிக் கணிப்புக்கு 3 தருவேன். பூட்டும் விதியைத் திருத்தினால் 4. புதிதாக வருகிறவர்கள் முதல் போட்டியில் தினசரிக் கணிப்பை மட்டும் ஆடுங்கள், மல்லர்களின் பெயரும் முகமும் பழகிவிடும். பன்ஸுகேயைத் தாளில் பென்சிலால் நிரப்புங்கள். திரையில் நேராக நிரப்பினால் ஒரே பெயரை இரண்டு இடத்தில் வைத்துவிடுவீர்கள், அனுப்பும்வரை எச்சரிக்கை வராது. தாள் வெளியான பிறகு எல்லோருடைய கணிப்பையும் பார்க்கலாம். முதல் பத்துப் பேர் கோமுசுபி இடங்களை எப்படி நிரப்பியிருக்கிறார்கள் என்று படித்துப் பார்ப்பது மிகவும் பயன்படும்.

சென்ற முறை நானும் தம்பியும் முட்டிக்கொண்டது மாயெகாஷிரா 14 மேற்குக்காக. அவன் 8-7 எடுத்த ஒருவரை வைத்தான். நான் மேலிருந்து 5-10-ஓடு இறங்கி வரும் ஒருவரை வைத்தேன். திங்கள்கிழமை காலை தாள் வந்ததும் முதலில் அந்த வரியைத்தான் தேடினேன். அங்கே இருந்தது நாங்கள் இருவரும் நினைத்தே பார்க்காத மூன்றாவது பெயர். பத்தே நிமிடத்தில் தம்பி கூப்பிட்டான். "அக்கா, அவரை எப்படி விட்டோம்?" அன்று மாலை வரை அதற்கு விடை தேடிக்கொண்டிருந்தோம்.