புதுச்சேரியில் திருமணம்: வாய்க்காலுக்குக் கிழக்கா, மேற்கா, கடலோர விடுதியா?

அக்காள் மகளின் திருமணத்தைப் புதுச்சேரியில் நடத்துவது என்று முடிவானதுமே குடும்பத்தில் மூன்று கட்சிகள் உண்டாகிவிட்டன. மணப்பெண்ணும் அவள் தோழிகளும் கடற்கரைச் சாலைக்கு அருகே, பிரெஞ்சுப் பகுதியில், மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாக நிற்கும் பழைய மாளிகை விடுதிகளில் ஒன்றைக் கேட்டார்கள். அக்காளும் அத்தானும், பிரெஞ்சுப் பகுதியைப் பிரித்துக்காட்டும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் ஒரு நல்ல மண்டபம் போதும் என்றார்கள். பெங்களூரிலிருந்து வரவிருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கோ கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள சொகுசு விடுதிகளின் மேல் கண். அழைக்க வேண்டியவர்கள் 350 பேர். மூன்று வகை இடங்களையும் நேரில் பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

வாடகையையும் அழகையும் எடைபோட வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் கிளம்பினேன். ஆனால், எது பொருந்தும் என்ற கேள்விக்குப் பாதி விடையை முகூர்த்த நேரமும் பந்தியின் அளவுமே சொல்லிவிடுகின்றன என்பது இரண்டாம் நாளே விளங்கிவிட்டது.

முதலில் கடலின் திசை. கோவாவிலும் கொச்சியிலும் எடுத்த படங்களைப் பார்த்து வளர்ந்த ஆசை, மாலை வரவேற்பில் மணமக்களுக்குப் பின்னால் சூரியன் கடலில் இறங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. புதுச்சேரிக்குக் கடல் கிழக்கே இருப்பதால் இங்கே சூரியன் மேற்கே வில்லியனூர்ப் பக்கமாக மறைகிறது. மாலையில் கடலோரத்தில் கிடைப்பது கறுத்துவரும் நீலம்தான். மாறாக, தை, மாசி மாதங்களில் காலை ஆறரை மணி வாக்கில் கடலிலிருந்து எழும் சூரியன், ஆறு முதல் ஏழரை வரையிலான முகூர்த்தத்துக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்துகிறது. ஆகவே கடல் தெரியத் தாலி கட்ட விரும்புகிறவர்கள் மாலையை மறந்துவிட்டுக் காலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலையிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் சோதிடர் முதலில் குறித்துக்கொடுத்தது நாலரை முதல் ஆறு வரையிலான வேளை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ ஒலிக்கக் கூடாது. மூடிய அரங்குக்கு மட்டும், ஓசை உள்ளேயே அடங்கும் வரையில், விலக்கு உண்டு. இதனுடன் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டர் வரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம் என்ற விதியும் சேர்கிறது. பிரெஞ்சுப் பகுதியிலோ அரசுப் பொது மருத்துவமனையும் பழைய பள்ளிகளும் சின்னச் சின்ன வீதிகளுக்குள் நெருங்கி நிற்கின்றன. திறந்த முற்றத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கெட்டிமேளம் கொட்ட முடியாது என்பதை விடுதிக்காரர்கள் முன்பணம் வாங்கிய பிறகே சொல்வார்கள் என்பதால், முதற்கேள்வியாக இதைக் கேட்டுவிடுவது நல்லது.

மாளிகை விடுதிகளின் கவர்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1761-இல் ஆங்கிலேயர் இந்நகரை இடித்துத் தரைமட்டமாக்கிய பின், 1765 முதல் பழைய அடித்தளத்தின் மேலேயே மீண்டும் எழுந்த நகரம் இது. உயர்ந்த தூண்களும், சுண்ணாம்புப் பூச்சும், மரச் சட்டக் கதவுகளும் உள்ள ஒரு முற்றத்தில் விளக்கேற்றி உட்கார்ந்தால், அலங்காரத்துக்கென்று தனியாகச் செலவழிக்க வேண்டியதே இல்லை. ஆனால் அந்தக் கட்டடங்களின் மேல்தளம் பெரும்பாலும் மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டியது. ஓமத் தீ வளர்க்க ஒப்புக்கொள்ளும் உரிமையாளர்கள் குறைவு; ஒப்புக்கொள்பவர்களும் முற்றத்தின் நடுவே, வானத்துக்கு நேர் கீழே மட்டும் என்பார்கள். மாடியில் பந்தி போடலாம் என்று யாராவது சொன்னால், தளத்தை எப்போது செப்பனிட்டார்கள் என்று கேளுங்கள். கடற்கரைச் சாலையில் 1870-களிலிருந்து நின்ற நகராட்சிக் கட்டடம், ஊரார் வாயில் 'மேரி', 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இன்று அங்கே காண்பது அதே தோற்றத்தில் மறுபடியும் எழுப்பி 2021-இல் திறக்கப்பட்ட கட்டடம்.

போக்குவரத்தும் தனிக் கணக்கு. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வாகனங்களை விடுவதில்லை. உலாவ வருகிறவர்களுக்கு இது வரம். ஐந்தரை மணி முகூர்த்தத்துக்கு மூட்டுவலியோடு வரும் பெரியம்மாவுக்கு அப்படியில்லை. சாலையை விட்டு உள் வீதிகளில் இருக்கும் விடுதியானால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பேருந்தும் வேனும் நிறுத்த இடமிருக்காது. பல மாளிகை விடுதிகளில் அறைகள் பத்து, பதினைந்துக்கு மேல் கிடையா. வெளிச் சமையற்காரரை உள்ளே விடுவதற்குத் தயங்குவார்கள். அவர்களுடைய சமையலறையோ ஒரே நேரத்தில் நூறு இலைக்குச் சாதம் வடிக்கும் அளவுக்குக் கட்டப்பட்டதன்று. 350 பேரை மூன்றரைப் பந்தியாக உட்காரவைக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, ஒரு விடுதியின் மேலாளர் பஃபே வைத்துவிடலாமே என்று சிரித்தார். அத்தான் அங்கேயே எழுந்துவிட்டார்.

வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் தெருவின் முகமே மாறுகிறது. இங்கே பழைய வீடுகளுக்குத் திண்ணையும், தெருவை நோக்கி மரத்தூண்களில் இறங்கும் தாழ்வாரமும், உள்ளே முற்றமும் உண்டு. சில வீடுகளில் கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மாடி பிரெஞ்சு பாணியிலும் அமைந்திருக்கும். வைசியாள் வீதியில் ஒரு வரிசை முழுவதையும் இப்படிச் சீரமைத்ததற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. என் கண்ணுக்கு, பாரம்பரியக் கட்டடத்தில் திருமணம் என்ற ஆசைக்கு உண்மையில் பொருந்துபவை இந்த வீடுகளே. மாளிகையின் முற்றம் விருந்தாளியை வரவேற்கக் கட்டப்பட்டது. இந்த வீடுகளின் முற்றத்தில் பந்தற்கால் நட்டு, நலங்கு வைத்து, தாலியும் கட்டியிருக்கிறார்கள். விடுதியாக மாறியிருக்கும் இத்தகைய வீடுகளில் நிச்சயதார்த்தத்துக்கோ நலங்குக்கோ அறுபது, எழுபது பேரை வசதியாக உட்காரவைக்கலாம். அதற்கு மேல் கூட்டினால் திண்ணையில் இருப்பவர்களுக்கு நாதஸ்வரம் மட்டுமே கேட்கும், மணமேடை தெரியாது.

முந்நூறு பேரைத் தாண்டும் திருமணத்துக்கு இந்தப் பக்கத்து மண்டபங்கள்தாம் விடை. தனிச் சமையற்கூடம், கீழ்த்தளத்தில் நூறு இலை போடும் உணவுக்கூடம், மாப்பிள்ளை வீட்டாருக்குத் தனி அறைகள், விடியற்காலையில் தவில் முழங்கினாலும் பிரச்சினை எழாத மூடிய அரங்கு ஆகியவை ஒரே கூரையின் கீழ் அமைகின்றன. மாப்பிள்ளை அழைப்பை வேதபுரீசுவரர் கோயிலிலிருந்தோ வரதராஜப் பெருமாள் கோயிலிலிருந்தோ தொடங்கலாம். காவல்துறையின் அனுமதி வேண்டும் என்றாலும் தெரு அதற்குப் பழகியது. மணக்குள விநாயகர் கோயிலிலிருந்து அழைப்பு வர வேண்டும் என்று மணப்பெண்ணுக்கு ஆசை. அந்த வீதியில் மாலை வேளையில் சுற்றுலாப் பயணிகளின் நடுவே ஊர்வலம் நகரும் வேகத்தைப் பார்த்தால், மாப்பிள்ளை மறுநாள் காலை வந்து சேர்ந்தாலும் வியப்பதற்கில்லை.

மண்டபங்களின் குறையையும் சொல்ல வேண்டும். குழல்விளக்கு வெளிச்சமும் பிளாஸ்டிக் பூத்தோரணமும் பெரும்பாலானவற்றில் கண்ணை உறுத்துகின்றன. 'புதுச்சேரியில் கல்யாணம்' என்று ஊரைக் கூட்டிவிட்டு, விழுப்புரத்திலும் கிடைக்கக்கூடிய ஓர் அரங்கில் உட்காரவைத்தால், பெங்களூர்க்காரர்கள் எதற்காக இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்பது நியாயமே.

கடலோர விடுதிகளுக்கு வருவோம். அறைகள் ஏராளம், வண்டி நிறுத்த இடம் தாராளம், புல்வெளியில் ஐந்நூறு நாற்காலி போடலாம். ஆனால் விளம்பரத்தில் உள்ள மணல் நேரிலும் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிடுங்கள். 1980-களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டியதிலிருந்து, வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கேயே தேங்கிவிட, கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி ஆகிய வடக்குக் கரைகள் அரிக்கப்பட்டு, பல இடங்களில் கருங்கல் கொட்டிய சுவர்தான் மிஞ்சியிருக்கிறது. மணல் நன்றாக இருக்கும் இடத்திலும் மாலைக் கடற்காற்றில் குத்துவிளக்கு நிற்காது, ஓமப் புகை விருந்தினர் முகத்துக்கே திரும்பும், பட்டுப்புடவையோடு மணலில் நடப்பது மூத்த பெண்களுக்குத் தண்டனை.

எல்லைக் குழப்பம் இன்னொன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகும்போது முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம் வந்துவிடுகிறது; சில கிலோமீட்டர் கழித்துக் காலாப்பட்டில் மறுபடியும் புதுச்சேரி. பெயரில் 'பாண்டிச்சேரி' என்று போட்டுக்கொள்ளும் விடுதி எந்த அரசின் கீழ் வருகிறது என்பதைப் பொறுத்துக் காவல்துறை அனுமதி, மது உரிமம், திருமணப் பதிவு எல்லாமே மாறும். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்தால் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். புதுச்சேரியில் மலிவாக வாங்கிய மதுவை அந்த எல்லைக்குள் கொண்டுபோய் விருந்து வைப்பது குற்றம். மாப்பிள்ளையின் நண்பர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியிருந்தது.

மாதத்தைப் பற்றிப் பஞ்சாங்கமும் வானமும் இந்த ஊரில் ஒத்துப்போவதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் முகூர்த்தங்கள் நிறைய உண்டு, அதே நேரத்தில் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. புல்வெளியையும் திறந்த முற்றத்தையும் நம்புகிறவர்கள் அந்த இரு மாதங்களைத் தவிர்த்துவிட வேண்டும், மண்டபக்காரர்கள் துணியலாம். தையும் மாசியும் சிறந்தவை. மாசி மகத்தன்று மட்டும் வேண்டாம். வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரிக்குச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் எழுந்தருளுவதால் வடக்குப் பக்கச் சாலைகள் அடைத்துப்போகும். சனி, ஞாயிறில் அறை வாடகை ஏறும் என்பதால் வியாழன், வெள்ளி முகூர்த்தம் கிடைத்தால் விடக் கூடாது.

கிறித்தவக் குடும்பங்களுக்குத் தேர்வு எளிது. மிஷன் வீதியின் ஜென்மராக்கினி மாதா பேராலயம், தூமாஸ் வீதியின் கப்ஸ் கோயில், ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள தூய இருதய பசிலிக்கா என்று அழகுக்குக் குறைவில்லை. கோயிலில் மண அறிவிப்பான ஓலையை வாசிக்கும் வாரங்களையும், தவக்காலத்தில் மணவிழாக்கள் பொதுவாகத் தவிர்க்கப்படுவதையும் கணக்கில் கொண்டால் போதும்.

இந்த ஊருக்கே உரிய சிக்கல் பிரெஞ்சுக் குடியுரிமை. 1962-இல் இந்தியாவுடனான இணைப்பு சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடித்த தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இங்கே உள்ளன. மணமக்களில் ஒருவர் அப்படிப்பட்டவரானால், திருமணத்துக்கு முன்பே துணைத் தூதரகத்தில் அறிவிப்பு ஒட்டி, திருமணத் தகுதிச் சான்று பெற்று, பின்னர் அதைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி மரபுச் சட்டத்தைத் துறந்த 'ரெனோன்சான்' வழியினருக்கு இந்துத் திருமணச் சட்டமே பொருந்தாது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்குப் பல மாதங்கள் முன்பே இந்தத் தாள்களைத் தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் கடலோர விடுதி முதலில் கழிந்தது. நூறு பேருக்குள் முடியும் திருமணமாக, பங்குனியில் காலை முகூர்த்தமாக இருந்திருந்தால் அதற்கே என் ஓட்டு. மற்ற இரண்டையும் பிரித்துக்கொண்டோம். சோதிடரிடம் மறுபடியும் போய் ஆறு முதல் ஏழரை வேளையை வாங்கி, மாசி மாதத்து வெள்ளிக்கிழமையில், வாய்க்காலுக்கு மேற்கே மண்டபத்தில் முகூர்த்தமும் மூன்றரைப் பந்தியும். முந்தைய புதன்கிழமை மாலை, பழைய தமிழ் வீடு ஒன்றின் முற்றத்தில் அறுபது பேரோடு நலங்கு. பிரெஞ்சுப் பகுதி மாளிகையில் பெங்களூர்க்காரர்களுக்குப் பன்னிரண்டு அறைகள் எடுத்தோம். தாலி ஏறிய மறுநாள் விடியலில் மணமக்கள் இருவரும் மட்டும் கடற்கரைச் சாலைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஏழரை வரை வண்டிகள் வராத தெரு அவர்களுக்கு அப்போது உதவியது.