சதுர அடிக்கு 210 ரூபாய் என்றார்கள்: ஓட்டுக் கூரையை மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டு இரும்புக் குழாயும் வண்ண ஷீட்டும் போட யாரிடமாவது விலை பேசிக்கொண்டிருக்கிறீர்களா? முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மன்னார்குடிக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டுக்கு 2024 கோடையில் இந்த வேலை நடந்தது. பேசிய விலை சதுர அடிக்கு 210 ரூபாய். வீடு 40 அடிக்கு 25 அடி, ஆக 1,000 சதுர அடி. "இரண்டு, இரண்டேகால் லட்சத்தில் முடித்துவிடலாம் அம்மா" என்று என் தாயாரிடம் சொன்னவர் ஒப்பந்ததாரர்தான். வேலை முடிந்ததும் அவர் நீட்டிய தாளில் இருந்த தொகை 4,71,410 ரூபாய்.

இந்தத் தொகை எப்படி வளர்ந்தது என்பதை வரி வரியாகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் இப்படி மாட்டிக்கொண்ட குடும்பம் எங்களுடையது மட்டுமல்ல என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் பரப்பளவு. தரையின் சதுர அடி வேறு, கூரையின் சதுர அடி வேறு. கூரை சுவரைத் தாண்டி நாலு பக்கமும் இரண்டிரண்டு அடி வெளியே நீண்டால் 40க்கு 25 என்பது 44க்கு 29 ஆகிவிடும். அதுவே 1,276 சதுர அடி. அதற்கு மேல் சாய்வு இருக்கிறது. ஓட்டு வீடுகளின் சாய்வு பெரும்பாலும் 30 பாகையை ஒட்டியது; 12 அடிக்கு ஏறத்தாழ 7 அடி உயரும். அந்தச் சாய்வில் தரைப் பரப்பை 1.155ஆல் பெருக்கினால்தான் கூரைப் பரப்பு வரும். எங்கள் வீட்டுக்கு அது 1,473 சதுர அடி. இதுவரை நியாயமான கணக்கு. ஷீட் போடுகிறவர் சாய்வில் அளந்து பணம் கேட்பதில் தவறே இல்லை. "1,000 சதுர அடி வீடு, இரண்டு லட்சம்" என்று வாயால் சொல்லி முன்பணத்தை வாங்கிக்கொண்டு, கூரையைப் பிரித்துப் போட்டு, வானம் தெரிய நிற்கும்போது சாய்வுக் கணக்கை எடுத்ததுதான் மோசடி. அந்த நேரத்தில் எந்த வீட்டுக்காரரும் வேலையை நிறுத்தச் சொல்ல முடியாது.

அத்தோடும் அவர் நிற்கவில்லை. தாளில் எழுதியிருந்தது 1,473 இல்லை, 1,666. ஷீட்டுகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டார்: 28 ஷீட், ஒவ்வொன்றும் 17 அடி நீளம், மூன்றரை அடி அகலம். பெருக்கினால் 1,666 வருகிறது. ஆனால் பக்கத்து ஷீட்டின் மேல் ஒரு மடிப்பு ஏறி உட்கார வேண்டும் என்பதால் மூன்றரை அடி ஷீட் மூடுவது மூன்றேகால் அடிதான். கடைசி ஷீட்டில் வெட்டி எறிந்த துண்டையும் சேர்த்து நம் தலையில் கட்டினார். மத்தியப் பொதுப்பணித் துறையின் அளவீட்டு முறையில் ஷீட் கூரையைப் போட்டு முடித்த பரப்பாகவே அளக்கிறார்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பகுதிக்கும் நெளிவுக்கும் தனியாக அளவு கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்தில் மட்டும் 193 சதுர அடி, 40,530 ரூபாய்.

நீங்களே அளந்துகொள்ளலாம். முகட்டிலிருந்து கூரையின் விளிம்பு வரை சாய்வாக நாடாவை விடுங்கள். அந்த நீளத்தைக் கூரையின் நீளத்தால் பெருக்கி, இரு பக்கத்துக்கும் சேர்த்து இரண்டால் பெருக்குங்கள். வந்த எண்ணைத் தாளில் எழுதி, "இந்தப் பரப்புக்குத்தான் பணம்" என்று ஒப்பந்ததாரரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் முற்றம் உள்ள வீடாக இருந்தால் இரண்டு சாய்வுகள் சேரும் பள்ளத்தில் போடும் கூடல்வாய்த் தகட்டுக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே எழுதச் சொல்லுங்கள்; பிற்பாடு அதற்குத் தனியாகக் கை நீட்டுவார்கள்.

அடுத்தது ஷீட்டின் தடிமன். இங்கேதான் எனக்கு அதிகக் கோபம், ஏனென்றால் இது கண்ணுக்குத் தெரியாத திருட்டு. பேசியது 0.50 மி.மீ. ஏறியது அதுவல்ல. நிறமும் மடிப்பும் பளபளப்பும் எல்லாத் தடிமனிலும் ஒன்றுபோலவே இருக்கும். கூரையில் ஏறி ஆள் கால் வைத்த இடமெல்லாம் அமுங்கிக் குழிந்தபோதுதான் சந்தேகம் வந்தது. கீழே கிடந்த வெட்டுத் துண்டு ஒன்றைத் தட்டி நிமிர்த்தி, சரியாக ஓர் அடிக்கு ஓர் அடி வெட்டி, மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். 0.50 மி.மீ. ஷீட் என்றால் அந்தத் துண்டு சுமார் 340 கிராம் இருக்க வேண்டும். எங்களுடையது 240ஐ ஒட்டி நின்றது. அது 0.35 மி.மீ. ஷீட்டின் எடை. முழு ஷீட்டைத் தூக்கி எடை போட வசதியிருந்தால் இன்னும் நல்லது: நாலடி அகலத் தகட்டிலிருந்து மடித்த 17 அடி ஷீட் 0.50 தடிமனில் 22 முதல் 24 கிலோ வரும், 0.35 தடிமனில் 16, 17 கிலோதான் வரும்.

கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "தம்பி, கம்பெனியிலேயே இப்படித்தான் வருகிறது. பெயின்ட் எல்லாம் சேர்த்துத்தான் அளவு." ஓர் அளவுக்கு அதில் உண்மை உண்டு. இரும்பு, அதன் மேல் பூசிய அலுமினிய-துத்தநாக முலாம், வண்ணம் எல்லாம் சேர்ந்தது மொத்தத் தடிமன். உள்ளே இருக்கும் இரும்பு மட்டும் அதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆனால் 0.50 என்பது 0.35 ஆவதற்கு அது காரணம் ஆகாது. நல்ல நிறுவனங்களின் ஷீட்டில் பின்பக்கம் தடிமனும் முலாம் அளவும் அச்சிட்டிருப்பார்கள். எங்கள் ஷீட்டின் பின்பக்கம் வெறும் சாம்பல் நிறம்தான்.

இரும்புக் குழாயிலும் இதே கதை. இரண்டங்குலச் சதுரக் குழாய், 2 மி.மீ. கனம் என்றால் 20 அடி நீளம் ஏறத்தாழ 18 கிலோ இருக்கும். 1.6 மி.மீ. என்றால் பதினாலரை கிலோ. குழாய் எடைக்குத்தான் விற்கப்படுகிறது. ஆகவே கடை ரசீதையும் எடை மேடைச் சீட்டையும் கேளுங்கள். வண்டி வந்து இறக்கும்போதே ஒரு குழாயை எடை போடுங்கள். பற்றவைத்து மேலே ஏற்றிய பிறகு எதையும் நிரூபிக்க முடியாது.

பழைய மரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் கூடத்தின் மேல் தேக்கு உத்தரங்கள் இருந்தன, ஆறங்குலத்துக்கு நாலங்குலம், பன்னிரண்டு அடி நீளம், ஆறு உருப்படி. ஒவ்வொன்றும் இரண்டு கன அடி. மற்ற இடங்களில் முற்றிய பனைமரக் கைமரங்கள். "எல்லாம் உளுத்துவிட்டது, விறகுக்குத்தான் ஆகும், நானே ஏற்றிப் போய்விடுகிறேன்" என்றார். கூரையைப் பிரித்து அப்புறப்படுத்த 25,000 ரூபாய் தனிக் கூலியும் போட்டார். சில வாரம் கழித்து எங்கள் உத்தரங்களைத் தஞ்சாவூர்ச் சாலையில் ஒரு பழைய மரக்கடையில் பார்த்தேன். தாத்தா காலத்து ஊஞ்சல் கொக்கியின் துளை ஒன்றில் அப்படியே இருந்தது. கடைக்காரர் சொன்ன விலை கன அடிக்கு 2,500 ரூபாய். ஆறு உத்தரத்துக்கு மட்டும் 30,000.

ஓடுகளும் அப்படியே போயின. அவை பழைய மங்களூர் ஓடுகள். 1865இல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ மிஷனரி அமைப்பு மங்களூரில் தொடங்கிவைத்த தொழில் அது. பழைய ஓடுகளின் அடிப்பக்கத்தில் தொழிற்சாலைப் பெயர் பதிந்திருக்கும். நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 150 ஓடு பிடிக்கும். எங்கள் கூரையில் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்திருக்க வேண்டும். விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும் ஓடு இன்னும் பல ஆண்டு தாங்கும். கழுவி அடுக்கினால் நல்ல விலைக்குப் போகும். ஆகவே பிரிக்கும் நாளில் வீட்டு ஆள் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். மரத்தையும் ஓட்டையும் எண்ணி, படம் எடுத்து, நம் கொல்லையில் அடுக்கிய பிறகு, அவருக்குக் கொடுப்பதாக இருந்தால் அதன் மதிப்பைக் கூலியில் கழிக்கச் சொல்லுங்கள். உளுத்ததா இல்லையா என்பதைத் தச்சர் ஒருவர் உளியை வைத்துத் தட்டிப் பார்த்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அந்தத் தச்சர் ஒப்பந்ததாரர் அழைத்து வந்தவராக இருக்கக் கூடாது. பல வீடுகளில் உடைந்த ஓடுகளை மாற்றி, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களில் பழுதானவற்றை மட்டும் புதிதாக அடித்தாலே போதும் என்பது என் உறுதியான எண்ணம். ஷீட்டுக்குக் கீழே நடுப்பகலில் என் தாயாரால் கூடத்தில் உட்கார முடிவதில்லை.

முகட்டுத் தகட்டுக்கு 5,280 ரூபாய், கூரை விளிம்பில் தண்ணீரை ஏந்தும் மழைநீர் வாரிக்கு 19,360 ரூபாய் எனப் பேச்சில் வராத வரிகளும் தாளில் இருந்தன. எல்லாம் கூட்டினால் 3,99,500. அதன் மேல் "ஜி.எஸ்.டி. 18 சதவீதம்" என்று 71,910 ரூபாய். தாளில் பதிவு எண்ணே இல்லை. கேட்டேன். "பில் வேண்டாமென்றால் அதை விட்டுவிடலாம்" என்றார். பதிவு இல்லாதவர் இந்த வரியை வசூலிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. பதிவு எண் 15 எழுத்துகள் கொண்டது, தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும். அரசின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பணத்தைவிட என்னைப் பயமுறுத்துவது வேறொன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது இந்த மாவட்டங்களில் வீடுகள் என்ன ஆயின என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். ஓடு கனமானது, காற்றில் சில ஓடுகள் பறக்கும், மற்றவை தங்கும். ஷீட் இலேசானது. விளிம்பில் காற்று புகுந்தால் கூரையையே தூக்கப் பார்க்கும். அதனால்தான் சுவரின் மேல் சுற்றிலும் கான்கிரீட் பட்டி போட்டு, அதற்குள் போல்ட்டைப் புதைத்து, குழாய்க் கால்களை அதில் இறுக்க வேண்டும். விளிம்பிலும் முகட்டிலும் ஸ்குரூக்களை நெருக்கமாகப் போட வேண்டும். எங்கள் வீட்டில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவரின் மேல் செங்கல்லைக் கொத்தி, குழாயை நட்டு, சிமென்ட்டால் பூசிவிட்டுப் போய்விட்டார்கள். பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் பட்டி போட்டே ஆக வேண்டும் என்றார். அது இன்னொரு செலவு.

அப்படியானால் நியாயமான விலைதான் என்ன? திருவாரூர், தஞ்சாவூர் பக்கம் பிறகு நான் விசாரித்த பட்டறைகள், 0.50 மி.மீ. ஷீட்டுக்கும் 2 மி.மீ. குழாய்க்கும், சாய்வில் அளந்த பரப்புக்கு, சதுர அடிக்கு 180 முதல் 240 ரூபாய் வரை சொன்னார்கள். கூலி, ஸ்குரூ, துருத்தடுப்புப் பூச்சு, முகட்டுத் தகடு எல்லாம் அதற்குள் அடக்கம். எங்கள் அளவு வீட்டுக்கு 2,65,000 முதல் 3,53,500 வரை. கான்கிரீட் பட்டியும் மழைநீர் வாரியும் தனி. இரும்பு விலை ஏறி இறங்கும் என்பதால், எத்தனை நாள் வரை அந்த விலை செல்லும் என்றும் எழுதி வாங்குங்கள். தரைப் பரப்பில் ஒன்றரை மடங்கு கூரைப் பரப்பு என்று மனத்தில் வைத்துக்கொண்டு பேசினால், 1,000 சதுர அடி வீட்டுக்கு இரண்டு லட்சம் என்று சொல்கிறவரின் பேச்சில் இருக்கும் ஓட்டை அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

பணம் கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பொருள் வந்து இறங்கி எடை பார்த்த பிறகு ஒரு பங்கு, இரும்புக் குழாய்ச் சட்டகம் நின்ற பிறகு ஒரு பங்கு, ஒரு நல்ல மழை பார்த்த பிறகு கடைசிப் பங்கு. ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.

நான் இதுவரை 3,00,000 ரூபாய் வங்கி வழியாகக் கொடுத்திருக்கிறேன், மீதியைக் கொடுக்கவில்லை. வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பியாகிவிட்டது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. முதலில் ஆலோசனை வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலும் பேசலாம். எடை போட்ட ஷீட் துண்டு, மரக்கடையில் எடுத்த படங்கள், அவர் கையால் எழுதிய தாள் மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கூரை வேலைக்கு யாராவது விலைப்பட்டியல் வாங்கி வைத்திருந்தால் வீட்டின் நீள அகலம், சுவரைத் தாண்டி நீளும் அளவு, பேசிய ஷீட் தடிமன் மூன்றையும் எழுதுங்கள். எவ்வளவு பரப்பு, எத்தனை கிலோ இரும்பு வர வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.