சீலி தைத்த பாக்கெட்

பெங்களூரில் அல்சூர் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், சேலைக்கு ஃபால்ஸ், பிகோ. நூல்கண்டு அடுக்கியிருக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் மூன்று நாவல்கள் இருக்கும். அளவு கொடுக்க வருகிற பெண்கள் கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். மூன்றிலும் வீட்டுக்குள் அடி வாங்கிய பெண்கள் வருகிறார்கள். "எதை முதல்ல படிக்கட்டும்?" என்று கேட்கிறவர்களுக்கு, மெஷினை நிறுத்தாமலே அரைகுறையாகத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் படிக்க வேண்டியது 'அன்புள்ள ஏவாளுக்கு'. ஆலிஸ் வாக்கர் 1982இல் எழுதிய 'தி கலர் பர்ப்பிள்' என்ற அமெரிக்க நாவல். தமிழில் ஷஹிதா, எதிர் வெளியீடு. அடுத்த வருடமே புலிட்சர் பரிசு வாங்கியது. நாவலுக்காக அந்தப் பரிசை வாங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான். எனக்கு ஆங்கிலத்தில் பில் படிக்க வரும், நாவல் படிக்க வராது. தமிழில் வந்ததால்தான் இந்தக் கதை என்னிடம் வந்து சேர்ந்தது. 2022 டிசம்பரில் இங்கே தமிழ்ச் சங்கத்தில் முதல் தமிழ்ப் புத்தகத் திருவிழா நடந்தபோது, சாயங்காலம் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டுப் போய் வாங்கி வந்தேன்.

கதை ஜார்ஜியா மாநிலத்துக் கிராமம் ஒன்றில் தொடங்குகிறது. சீலிக்குப் பதினாலு வயது. அப்பா என்று அவள் நம்பியிருப்பவனே அவளைக் கெடுக்கிறான். கடவுளைத் தவிர யாரிடமும் சொல்லக் கூடாது என்று மிரட்டுகிறான். அதனால் கடவுளுக்கே கடிதம் எழுத ஆரம்பிக்கிறாள். அப்புறம் மனைவியை இழந்த, நாலு பிள்ளைகள் உள்ள ஒருவனுக்கு அவளைக் கட்டிக் கொடுக்கிறார்கள். கூடவே ஒரு பசுமாட்டையும் அனுப்புகிறார்கள். மாடு வருமா என்று மாப்பிள்ளை மறக்காமல் கேட்டு உறுதி செய்துகொள்கிறான். நம் ஊர்க் கல்யாணப் பேச்சு போலவே இருக்கிறது.

அந்தப் புருஷனின் பெயரைச் சீலி எழுதுவதில்லை. மிஸ்டர் என்று போட்டு ஒரு கோடு இழுத்துவிடுகிறாள். என் அம்மா சாகிற வரைக்கும் அப்பா பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார், நான் சொல்வேன். அந்தக் கோட்டைப் பார்த்ததிலிருந்து சீலி எனக்கு எங்கள் வீட்டுப் பெண் ஆகிவிட்டாள்.

இந்த நாவலை மற்றவற்றைவிட மேலே வைப்பதற்கு ஒரு காரணம் சோஃபியா. மிஸ்டரின் மகன் ஹார்போவின் மனைவி. நல்ல உடல்வாகு, யாருக்கும் பயப்பட மாட்டாள். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, என்ன செய்யலாம் என்று ஹார்போ சீலியிடம் வந்து கேட்கிறான். தானே தினமும் அடி வாங்குகிற சீலி சொல்கிறாள்: அவளை அடி.

அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவைத்தவள் இரண்டு நாள் தொடவில்லை. பல வருடம் முன்னால் என் தங்கை ஃபோன் செய்து, "அவர் கை நீட்டுறாருக்கா" என்று அழுதாள். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, ரெண்டாவது குழந்தை பிறந்தா சரியாயிடுவார்" என்று சொன்னேன். அப்போது என் தோளிலேயே பெல்ட் தழும்பு ஆறாமல் இருந்தது. தழும்போடு உட்கார்ந்துகொண்டுதான் அதைச் சொன்னேன்.

சோஃபியா நேரே சீலியிடம் வந்து ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கிறாள். சீலி கொடுத்திருந்த திரைச்சீலையையும் நூலையும் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறாள். சீலி மழுப்பவில்லை. உன்மேல் பொறாமை, நீ எதிர்த்து நிற்கிறாய், என்னால் முடியவில்லை என்கிறாள். பேசிப் பேசி இருவரும் மனம் இளகி, கிழிந்துபோன அந்தத் திரைச்சீலையையே துண்டு போட்டு ஒட்டுப்போர்வை தைக்க உட்காருகிறார்கள். கெட்டது செய்தவளும் அதனால் அடிபட்டவளும் ஒரே துணியின் இரண்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இடம் அது. அதைப் படித்த பிறகுதான் என் தங்கையிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவளும் என்னை அதிகம் பேச விடவில்லை, காபி போட எழுந்து போய்விட்டாள்.

சோஃபியாவின் தைரியத்துக்கு என்ன விலை என்பதையும் ஆலிஸ் வாக்கர் மறைக்கவில்லை. மேயர் வீட்டு அம்மாளுக்கு வேலைக்காரியாக வர மாட்டேன் என்று சொன்னதற்கும், மேயரைத் திருப்பி அடித்ததற்கும் போலீஸ் அவளை அடித்துக் கண்ணைக் கெடுத்துச் சிறையில் போடுகிறது. எதிர்த்து நிற்கிற பெண்ணை வெறுமனே கைதட்டி அனுப்பிவிடாத நாவல் இது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். வலிமையான பெண் என்று பெயர் வாங்கிய கதைகள் நிறையப் படித்திருக்கிறேன். பலவற்றில் அவள் ஒரு ராத்திரி கோபத்தோடு வெளியே வருவாள், அடுத்த அத்தியாயத்தில் நல்ல வேலையில் இருப்பாள். நடுவில் வாடகை யார் கொடுத்தார்கள்? முதல் ராத்திரி எங்கே படுத்தாள்? பிள்ளைக்குப் பால் வாங்கக் கையில் எவ்வளவு இருந்தது? இதையெல்லாம் எழுதாத கதை எனக்கு உதவாது. நான் 2009இல் வெளியே வந்தபோது உள்பாவாடை மடிப்பில் தைத்து வைத்திருந்த காசுதான் என்னிடம் இருந்தது. மடிவாளாவிலிருந்து பஸ் ஏறி, கார்மென்ட்ஸில் கூட வேலை பார்த்த ஒரு அக்கா வீட்டுக்கு, மர்பி டவுனுக்கு வந்தேன். மகனுக்கு ஆறு வயது. அந்த அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், "மெஷின் சும்மாதானே கிடக்கு, உட்காரு" என்றார். இன்று நான் மிதிக்கிற மெஷின் அதுதான்.

சீலிக்கு அந்த அக்கா ஷக் என்கிற பாடகி. தங்கை நெட்டி எழுதிய கடிதங்களை மிஸ்டர் வருடக்கணக்காக ஒளித்து வைத்திருந்தான் என்பது தெரிந்ததும், சவரக் கத்தியை எடுத்து அவன் கழுத்தை அறுக்க வேண்டும் என்று சீலிக்கு வெறி வருகிறது. (ஃபோனை வாங்கிப் பார்த்து அம்மா வீட்டு நம்பரையே அழிக்கிற புருஷன்மார்களைப் பற்றி என் கடைக்கு வருகிறவர்கள் சொல்வதுண்டு. கடிதத்துக்குப் பதில் ஃபோன், அவ்வளவுதான்.) ஷக் அவளைப் பிடித்து உட்காரவைத்து, வா, உனக்குக் கால்சட்டை தைக்கலாம் என்கிறாள். கத்தி பிடிக்கப் போன கையில் ஊசி வருகிறது. அப்புறம் வீட்டை விட்டுக் கிளம்பி, மெம்ஃபிஸ் நகரத்தில் ஷக்கின் வீட்டில் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தைக்கிறாள். கேட்டவர்களுக்கெல்லாம் தைத்து, அது தொழிலாகவே ஆகிவிடுகிறது.

அதில் ஜாக் என்கிற மனிதருக்குத் தைக்கும் கால்சட்டையைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. அதற்காகவே இந்தப் புத்தகத்தை வாங்கலாம். ஜாக் உயரமானவர், அதிகம் பேச மாட்டார், குழந்தைகள் என்றால் பிரியம். சீலி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி அவரை நினைத்து யோசிக்கிறாள். ஒட்டக நிறம், துணி மெத்தென்றும் இருக்க வேண்டும், உழைக்கவும் வேண்டும். பிள்ளைகள் கொண்டுவந்து கொடுக்கும் கோலிக்குண்டு, கயிறு, சில்லறை, கல் எல்லாம் போட்டுவைக்கப் பெரிய பாக்கெட். துவைக்கத் தாங்க வேண்டும். ஓடிப் போய் ஒரு குழந்தையை இழுத்துக் காப்பாற்ற வேண்டி வந்தால் தடுக்காதபடி கால் பக்கம் கொஞ்சம் பிடித்து இருக்க வேண்டும்.

கார்மென்ட்ஸில் ஏழு வருடம் நான் வைத்தது ஆண்களின் கால்சட்டைக்குப் பாக்கெட். ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கில் வைப்பேன். டார்கெட் முடியாவிட்டால் சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்பார். அந்தப் பாக்கெட்டில் யார் கை விடுவார்கள், என்ன போட்டு வைப்பார்கள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை, தோன்ற நேரமும் இருந்ததில்லை. ஒரு மனுஷனின் சுபாவத்தைப் பார்த்து அதற்கு ஏற்றபடி துணி வெட்ட முடியும் என்று சீலி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தையலைப் பற்றி இவ்வளவு சரியாக, இவ்வளவு மரியாதையோடு எழுதிய பக்கத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். நெட்டி ஆப்பிரிக்காவிலிருந்து எழுதும் கடிதங்கள் நீளம். அந்தப் பகுதியில் எனக்குச் சீலியிடமே திரும்பிப் போக வேண்டும் போலிருந்தது. கடைசியில் சீலிக்கு ஒரு வீடும் கடையும் சொத்தாக வந்து சேருகின்றன. கால்சட்டை தைத்தே அவள் நின்றுகொண்டாள் என்றிருந்தால் எனக்கு இன்னும் நிறைவாக இருந்திருக்கும். நமக்கெல்லாம் அப்படிச் சொத்து வந்து விழுவதில்லை. ஆனால் வயதான மிஸ்டர், சீலியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தைக்கும் கால்சட்டைகளுக்குப் பொருத்தமாகச் சட்டை தைக்கிற இடத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அவள் அவனிடம் மனைவியாகத் திரும்பிப் போவதில்லை. பக்கத்தில் உட்கார இடம் கொடுக்கிறாள், அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாவது, 'ஆயிரம் சூரியப் பேரொளி'. காலித் ஹுசைனி 2007இல் எழுதியது. இதையும் தமிழாக்கியவர் ஷஹிதாதான். காபூலில் ரஷீத் என்ற செருப்புத் தைப்பவனுக்கு இரண்டு மனைவிகள், மரியமும் லைலாவும். இதை ராத்திரியில் படிக்க வேண்டாம். சோறு சரியாக வேகவில்லை என்று மரியமை வாயில் கல்லைப் போட்டு மெல்லவைக்கிறான், கடைவாய்ப் பல் உடைகிறது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. முதலில் சக்களத்திகளாக முறைத்துக்கொண்டிருந்த இருவரும், ராத்திரி வேலை முடிந்து முற்றத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிற இடம் அவ்வளவு அழகு.

இதிலும் காசுக் கணக்கு இருக்கிறது. ரஷீதின் பணத்தில் லைலா கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்து, மரியமையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போகிறாள். ஆண்துணை இல்லாமல் பெண்கள் பயணம் போக முடியாது. தாலிபான்கள் காபூலுக்கு வருவதற்கு முன்பே நிலைமை அப்படி. உறவுக்காரன் போல நடிக்க ஒத்துக்கொண்ட ஒருவன் காட்டிக்கொடுத்துவிடுகிறான். வீட்டுக்கு அனுப்பினால் ரஷீத் என்ன செய்வான் என்று தெரியும், எங்களை விட்டுவிடுங்கள் என்று லைலா போலீஸ் அதிகாரியிடம் கெஞ்சுகிறாள். அது உங்கள் குடும்ப விஷயம், நாங்கள் தலையிட மாட்டோம் என்கிறார்.

எனக்கும் ஒரு காவல் நிலையத்தில் இதே பதில் கிடைத்தது. "புருஷன் பொண்டாட்டி சண்டை, சமாதானமாப் போங்கம்மா" என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பினார்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது, 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வீடு புருஷன் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்க மனைவிக்கு உரிமை உண்டு, அடிக்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், பணமும் கேட்கலாம் என்பதை அன்று அந்த நிலையத்தில் யாரும் சொல்லவில்லை. பிறகு ஒரு வக்கீல் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. 181 என்ற உதவி எண்ணை இப்போது கடைச் சுவரில் டைலரிங் ரேட் எழுதிய அட்டைக்குக் கீழேயே எழுதி வைத்திருக்கிறேன்.

லைலாவின் பஸ் நிலையத்தைப் படிக்கும்போது இன்னொன்றும் நினைத்தேன். 2023 ஜூன் 11ஆம் தேதியிலிருந்து கர்நாடகத்தில் சாதாரண அரசு பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதை வாக்குக்கான இலவசம் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். காசில்லாததால் மட்டும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்ட ஒரு ராத்திரியை அவர்கள் யோசித்துப் பார்த்ததில்லை.

மூன்றாவது, பாமாவின் 'சங்கதி'. 1994இல் வந்தது. அளவில் சிறியது, பேச்சுத் தமிழில் ஓடுகிறது, இரண்டு மத்தியானத்தில் முடித்துவிடலாம். தலித் பெண்களின் வேலை, கூலி, பாட்டு, பேய் பிடிப்பது எல்லாம் இருக்கும். ராக்கம்மாவுக்காக வைத்திருக்கிறேன். அடிக்க வரும் புருஷனைத் தெருவில் நின்று அவள் பேசுகிற பேச்சில் ஊரே காதைப் பொத்திக்கொள்கிறது. இப்படிக் கத்தாமல் இருந்திருந்தால் அவன் என் மண்டையை உடைத்திருப்பான் என்று அவளே பிறகு சொல்கிறாள். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று தலையணையைக் கடித்துக்கொண்டு அழுத எனக்கு, ராக்கம்மாவின் வாய் பெரிய படிப்பாக இருந்தது. கொச்சையான பேச்சு இருக்கிறது என்று முகம் சுளித்துத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் ராக்கம்மா சொன்ன காரணத்தை மறுபடி சொல்வேன்.

ஆக, என் வரிசை இதுதான்: மனசு கனத்துப்போய் இருக்கிறவர்கள் சீலியில் தொடங்குங்கள். நேரம் இல்லாதவர்களுக்கு 'சங்கதி'. காபூல் கதையை மனசு கொஞ்சம் தெம்பாக இருக்கும்போது, பகலில்.

'அன்புள்ள ஏவாளுக்கு' இப்போது என்னிடம் இல்லை. ஏப்ரல் வெயிலில் முழங்கைக்குக் கீழே வரைக்கும் கை வைத்து பிளவுஸ் தைக்கச் சொன்ன ஒரு பெண்ணிடம் இருக்கிறது. அளவெடுக்கும்போது கையைத் தூக்கச் சொன்னேன், முழுசாகத் தூக்க முடியவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஜாக்கின் கால்சட்டை வருகிற பக்கத்தில் ஒரு துண்டு நூலை வைத்துக் கொடுத்தனுப்பினேன். போன வாரம் வந்து, புத்தகம் இன்னும் முடியவில்லை என்றாள். ஒரு உள்பாவாடையை மேஜைமேல் வைத்து, உள்பக்கம் பாக்கெட் ஒன்று வேண்டும், வெளியே தையல் தெரியக் கூடாது என்றாள். எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். ஆதார் கார்டும் கொஞ்சம் பணமும் போகிற அளவு என்றாள். இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்ள வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.