நான்கு ஆண்டு வனவியல் படிப்பு: படித்து முடித்தவளின் மதிப்பீடு

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள்: "அக்கா, பி.எஸ்சி. வனவியல் சேரலாமா?" ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். படிப்பு எப்படி என்பதுதான் விஷயம்.

புலி, யானை பார்க்கலாம் என்ற ஆசையில் சேருபவர்கள்தான் அதிகம். முதல் ஆண்டிலேயே அந்த ஆசையோடு முட்டி நிற்பது மண், கணக்கு, புள்ளியியல், பூச்சி, நாற்றங்கால். வனவிலங்கு பற்றிய பாடங்கள் மொத்தத்தில் கொஞ்சம்தான். மரத்தின் மேல் பிரியம் இருந்தால் மட்டும் வாருங்கள்.

எனக்கு அந்தப் பிரியம் அப்பாவால் வந்தது. அவர் மர அறுவை மில்லில் வேலை பார்ப்பவர். மரம் வாங்கப் போகும்போது சணலை அடிமரத்தில் சுற்றி, அந்த நீளத்தை நாலாக மடிப்பார். மடித்த அளவை அதே அளவால் பெருக்கி, மரத்தின் நீளத்தாலும் பெருக்கினால் கன அடி. சின்ன வயதிலிருந்து பார்த்த கணக்கு. இரண்டாம் ஆண்டு மர அளவியல் வகுப்பில் அதே கணக்கு கால் சுற்றளவு முறை என்று கரும்பலகையில் வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்புறம் சார் அடுத்த வரியை எழுதினார். 4 அடி சுற்றளவு, 10 அடி நீளம் உள்ள உருட்டுக்கட்டைக்கு இந்த முறையில் 10 கன அடி. வட்டத்தின் பரப்பை வைத்துப் போட்டால் 12.73. அதாவது உண்மையான கன அளவில் 78.5 சதவீதம்தான் கணக்கில் வருகிறது. பட்டைக்கும் அறுப்பில் போகும் கழிவுக்குமாக விட்டுக்கொடுத்த அளவு அது என்பது சரி. ஆனால் மரம் விற்கும் விவசாயிக்கு அந்த இடைவெளி இருப்பதே தெரியாது. அன்றைக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வித்தவங்களுக்கு இது யாரும் சொன்னதில்லையே தாயி" என்றார். இந்தப் படிப்பு எனக்குக் கொடுத்ததில் அந்த ஒரு வகுப்பே போதும் என்று இன்றும் நினைக்கிறேன்.

நாற்றங்கால் வேலையும் அப்படித்தான். சந்தனம் அரை ஒட்டுண்ணி என்று புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும். பக்கத்தில் இருக்கும் செடியின் வேரைப் பிடித்துத்தான் அது வளரும். அதற்காகவே நாற்றுப் பையில் சந்தனத்தோடு ஒரு துவரையும் வைப்போம். துவரை மேலேறி நிழல் கட்டாமல் அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். ஒருநாள் ஒரு பையைக் கிழித்து, வாளித் தண்ணீரில் மண்ணை மெதுவாகக் கரைத்துப் பார்த்தோம். துவரை வேரின் மேல் சந்தன வேர் சின்ன வெள்ளைப் பொட்டு மாதிரி கவ்விக்கொண்டிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், லேசில் விடவில்லை. எங்கள் சித்தப்பா தோட்டத்தில் வெறும் சந்தனக் கன்றாக வாங்கி நட்டவை இரண்டு வருடத்தில் பட்டுப்போன காரணம் அந்த வாளியில் புரிந்தது. நிலத்தில் நடும்போதும் பக்கத்தில் சவுக்கு மாதிரி நீண்டகாலத் துணைமரம் வேண்டும்.

கல்விச் சுற்றுலாக்களில் ஆனைமலைக் காட்டில் உள்ள டாப்ஸ்லிப் மறக்காது. வெட்டித் தீர்த்த தேக்குக் காட்டை, அடிக்கட்டையைத் துளிர்க்கவிட்டும் புதிதாக நட்டும் மீட்டெடுத்த ஆங்கிலேயர் கால வன அதிகாரி ஹியூகோ வுட் அங்கேதான் தேக்குகளுக்கு நடுவே அடக்கமாகியிருக்கிறார். அவர் உழைப்பின் மேல் மரியாதை உண்டு. ஆனால் தேக்கு மட்டுமே வரிசையாக நிற்கும் தோட்டத்தையும் பக்கத்திலுள்ள கலப்புக் காட்டையும் அடுத்தடுத்து நடந்து பார்த்தால், மரம் வளர்ப்பது வேறு, காடு வேறு என்று கால் சொல்லிவிடும். கோவையில் 1902 முதல் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகத்தையும் சேருவதற்கு முன்பே ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே ஒரு மணி நேரத்தில் சலித்துவிட்டால் இந்தப் படிப்பு உங்களுக்கு இல்லை.

குறைகளுக்கு வருகிறேன். எங்கள் வகுப்பில் மரத்தின் உயரம் அளக்கும் கருவி ஒன்றே ஒன்று. நாற்பது பேர் வரிசையில் நின்று தொட்டுப் பார்த்ததோடு பலருக்கு அது முடிந்தது. அதைவிடப் பெரிய வருத்தம் தமிழ் இல்லாதது. வேங்கையை டெரோகார்பஸ் மார்சூப்பியம் என்று எழுதினால் மதிப்பெண். வேங்கை என்று எழுதினால் இல்லை. பட்டையைக் கீறினால் ரத்தம்போலப் பிசின் வடிவதைக் காட்டி அந்த மரத்தைச் சொல்லித் தந்தவர் எங்களோடு காட்டுக்கு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர், காடர் பழங்குடிப் பெரியவர். அவரைப் போன்றவர்களை ஒரு நாளாவது வகுப்பில் உட்காரவைத்துப் பேசச் சொல்லியிருக்க வேண்டும். நானே ஒரு நோட்டில் ஒரு பக்கம் லத்தீன், மறுபக்கம் ஊர்ப்பெயர் என்று எழுதி வைத்தேன். இப்போது விவசாயிகளிடம் பேச அந்த நோட்டுதான் உதவுகிறது.

வேலை விஷயத்திலும் தெளிவாக இருங்கள். இந்திய வனப்பணித் தேர்வை வனவியல் படித்தவர்கள் மட்டுமல்ல, தாவரவியல், விலங்கியல், கணிதம், பொறியியல் என்று பலரும் எழுதலாம். பட்டம் கையில் இருப்பதால் அந்தக் கதவு தானாகத் திறக்காது. காகித ஆலைகளின் மர வளர்ப்புத் திட்டங்கள், நாற்றங்கால்கள், தொண்டு நிறுவனங்கள், மேற்படிப்பு என்று வழிகள் உண்டு, ஆனால் தேடிப்போக வேண்டும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். சேருவதாக முடிவு செய்தால், நேரான மூங்கில் குச்சி ஒன்றில் 1.37 மீட்டரில் அழியாத மையால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் சுற்றளவை அந்த உயரத்தில்தான் அளப்பார்கள், சரிவில் என்றால் மேட்டுப் பக்கம் நின்று. என் குச்சி இன்னும் அப்பாவின் மில்லில் சுவரோரம் சாத்தியிருக்கிறது.