நாற்பது வயது டிஎக்ஸ்7: பார்ட் கிடைக்காத கீபோர்டோடு சில வருடங்கள்

யமஹா டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசர் கீபோர்டு வெளிவந்தது 1983-ல். 1987-ல் டிஎக்ஸ்7-II கடைக்கு வந்ததும் முதல் மாடலின் காலம் முடிந்தது. பழைய மெல்லிசைக் குழுக்காரர் யாராவது பரணிலிருந்து ஒன்றை இறக்கி விற்கும்போதெல்லாம், "வாங்கலாமா? பார்ட் கிடைக்குமா?" என்று எனக்கு போன் வரும். பல வருடமாக ஒன்றை வைத்து வாசிக்கிறேன், அதில் நான் கழற்றாத இடம் குறைவு. அதனால் என் பதிலை இங்கே எழுதிவைக்கிறேன்.

பார்ட் கிடைக்காது என்பது பாதிதான் உண்மை. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி அந்தக் காலத்துப் பொதுச் சரக்கு. கன்டன்சர், ஆப்-ஆம்ப் (ஒலி சிக்னலைப் பெருக்கும் சிப்), ரெகுலேட்டர் (வோல்டேஜை நிலையாக வைப்பது), டிஸ்ப்ளே, பேட்டரி எதற்கும் யமஹாவிடம் போய் நிற்க வேண்டியதில்லை. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய பார்ட் நம்பரை நீட்டினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒரு கடைக்காரர் எனக்குச் சொன்னது இன்றைக்கும் உதவுகிறது: "அண்ணே, இந்த நம்பரெல்லாம் இப்ப வராது. அது என்ன வேலை செய்யுதுன்னு சொல்லுங்க, தர்றேன்." எத்தனை வோல்ட், எத்தனை மைக்ரோஃபாரட், கால் இடைவெளி எவ்வளவு என்று அளந்துகொண்டு போனால் வேலை முடிந்துவிடும். இதற்கு சர்வீஸ் மேனுவல் கையில் இருக்க வேண்டும். இந்த மாடலுக்கு அது சுலபமாகக் கிடைக்கிறது.

முதலில் பேட்டரி. டோன்களை, அதாவது சேமித்துவைத்த ஒலிகளை, நினைவில் வைத்திருப்பது போர்டில் பற்றவைத்த ஒரு 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. ஃபங்ஷன் அழுத்தி 14-ஐ அழுத்தினால் அதன் வோல்டேஜைத் திரையிலேயே காட்டும். வாங்கப் போகிறவர் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். மறுபடி பேட்டரியைப் பற்றவைக்காதீர்கள். ஒரு ஹோல்டரை மாட்டிவிட்டால் அடுத்த முறை காயின் செல்லைக் கையாலேயே மாற்றிக்கொள்ளலாம். பேட்டரியை எடுத்தால் டோன் போகும். அதனால் முன்பே மிடி (இசைக்கருவிகளையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் முறை) வழியாகக் கம்ப்யூட்டருக்கு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். 32 டோனும் சேர்ந்து 4104 பைட்தான். திரும்ப ஏற்றும்போது மெமரி ப்ரொடெக்ட் என்ற பூட்டை எடுத்துவிட்டு, ஃபங்ஷன் 8-ல் சிஸ்டம் தகவலைத் திறந்துவைக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் ஏறவில்லையா? கேபிளைச் சந்தேகப்படுங்கள். விலை மலிவான யூஎஸ்பி மிடி கேபிள்கள் நோட்டை ஒழுங்காக அனுப்பும், இவ்வளவு நீளமான தகவலை நடுவில் விழுங்கிவிடும். கீபோர்டையே குற்றம் சொல்லி போர்டைக் கழற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது டிஸ்ப்ளே. முதல் டிஎக்ஸ்7-ல் பின்னொளி கிடையாது. மேடை வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது, இருட்டிலும் தெரியாது. பழசாகப் பழசாக எழுத்தும் மங்கும். நல்லவேளையாக அது 16 எழுத்து, 2 வரி கொண்ட சாதாரண வகை. கல்லூரி மாணவர்கள் ப்ராஜெக்டுக்கு வாங்குகிற அதே பச்சை அல்லது நீல எல்சிடி பொருந்தும். கால் வரிசை மட்டும் வேறு. பழைய கனெக்டரை அப்படியே சொருகாமல், மேனுவலைப் பார்த்து ஒவ்வொரு ஒயராக இழுக்க வேண்டும். பின்னொளிக்கு 5 வோல்ட் லைனிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்திருக்கிறேன். முழு வெளிச்சம் வைத்தால் ரெகுலேட்டருக்கு வீண் சுமை, பாதி வெளிச்சமே போதும். இத்தனை வருடத்தில் இந்த மாற்றத்தால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை. ஒரிஜினலைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அடுத்து கரண்ட். ஜப்பான் உள்நாட்டு மாடல் என்றால் 100 வோல்ட்டில் ஓடுவது. கடையில் கிடைக்கும் ஸ்டெப்-டவுன் பெட்டிகள் பெரும்பாலும் 110 தருபவை. ஓடும், ஆனால் உள்ளே ரெகுலேட்டர் பக்கம் கை வைக்க முடியாத சூடு. கோயில் திருவிழாவில் ஜெனரேட்டர் வோல்டேஜ் ஏறினால் இன்னும் மோசம். என்னுடையது அந்த மாடல். வைண்டிங் கடையில் 230-க்கு 100 என்று சொல்லி ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றி வாங்கினேன். பின்பக்கம் எழுதியிருக்கும் வாட்டைப் போல இரண்டு மடங்கு தாங்கும்படி கேளுங்கள். தூக்கத்தான் கஷ்டம். கீபோர்டே 14 கிலோவுக்கு மேல்.

பவர் சப்ளை கன்டன்சர்களை 105 டிகிரி சூடு தாங்கும் ரகமாக மாற்றியதில் உறுமல் போனது. மெல்லிய இரைச்சல் போகவில்லை, போகவும் போகாது. எண்களை ஒலியாக்கும் 12 பிட் மாற்றி கொண்ட கருவி இது. அந்த இரைச்சல் பிறவியிலேயே உண்டு. அதை ஒழிக்கிறேன் என்று எல்லா ஆப்-ஆம்பையும் மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கட்டைகள்தான் உண்மையான உழைப்பைக் கேட்பவை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் மெல்லிய உலோகத் தகடு ஒரு தொடர்பிலிருந்து விலகி இன்னொன்றைத் தொடும். இடைப்பட்ட நேரத்தை வைத்துத்தான் எவ்வளவு வேகமாக அடித்தோம் என்று கருவி கணக்கிடுகிறது. தகட்டில் அழுக்கோ கறுப்போ படிந்தால் கணக்கு தப்பும். மெதுவாகத் தொட்ட ஸ்வரம் திடீரென்று கத்தும். கடலோர ஊர்க் காற்றுக்கு இது சீக்கிரமே வரும். சுத்தமான ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய காகிதத்தை இடையில் விட்டு மெல்ல இழுத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, மேல்பூச்சு போய்விடும். எண்ணெய் ஸ்ப்ரேயும் வேண்டாம். உடைந்த கட்டைக்கு இடது கோடி ஆக்டேவில் அதே ஸ்வரத்தின் கட்டையைக் கழற்றி நடுவில் போடலாம். ரி-க்கு ரி, க-வுக்கு க, வடிவம் அப்போதுதான் பொருந்தும். உடைந்ததை ஒட்டி, யாரும் தொடாத இடது ஓரத்தில் வைத்துவிட்டேன்.

இனி மாற்று இல்லாதவை. ஒய்எம்21280, ஒய்எம்21290 என்ற இரண்டு சிப்புகள்தான் இந்தக் கருவியின் குரல். ஒரே நேரத்தில் ஒலிக்கும் 16 ஸ்வரங்களையும், ஒவ்வொன்றுக்கும் ஆறு ஆபரேட்டர்களையும் (ஒலியை உருவாக்கும் அலகுகள்) ஓட்டுபவை. புதிதாக யாரும் செய்வதில்லை. போனால் செத்துப்போன இன்னொரு டிஎக்ஸ்7-லிருந்து பிடுங்க வேண்டியதுதான். இணையத்தில் விற்கிற "புதிய" சிப்பை நம்பிப் பணம் கட்ட நான் தயாரில்லை. பழுதான ஒரு முழுக் கீபோர்டை வாங்கிக் கட்டிலுக்கடியில் போட்டிருக்கிறேன். கட்டை, ஸ்லைடர், திருகு எல்லாம் அதிலிருந்து வருகிறது. சிப்புகளின் மேல் சூட்டை வெளியே கடத்தும் சின்ன அலுமினிய ஹீட்சிங்க் ஒட்டியதில் சூடு குறைந்தது கையில் தெரிகிறது.

சத்தம் மட்டும் போதும் என்பவருக்கு டெக்ஸெட் (Dexed) என்ற இலவச மென்பொருளே போதும். அதே டோன் ஃபைல்களைத் திறக்கும், வித்தியாசம் சொல்வது சிரமம். சால்டரிங் தெரியாமல், தெரிந்தவரும் பக்கத்தில் இல்லாமல் டிஎக்ஸ்7 வாங்காதீர்கள். சிப்புகள் உயிரோடு இருந்து, 16 ஸ்வரமும் தப்பில்லாமல் வந்தால் மற்ற எது பழுதாக இருந்தாலும் விலை பேசுங்கள். என்னுடையதில் ஆஃப்டர்டச் (கட்டையை அழுத்திப் பிடித்தால் ஒலி மாறும் வசதி) மட்டும் பாக்கி. கட்டைகளுக்கு அடியில் ஓடும் அந்தப் பட்டை உழைத்துத் தேய்ந்துவிட்டது. அதற்கு எந்த ஸ்பாஞ்ச், எத்தனை மில்லிமீட்டர் சரிவரும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.