படம் நன்று, பிரதி மோசம்: விழித்திரைப் படம் எடுத்த அனுபவம்

முப்பது வருடமாக யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் தையல் தைக்கிறேன். ஊசியில் நூல் கோக்க எனக்கு இடது கண்தான் கைகொடுக்கும். பங்குனியில் ஒருநாள் அந்தக் கண்ணில் புகை மண்டியது. வெள்ளைத் துணியின்மேல் கறுப்புத் துகள்கள் மிதந்தன, தட்டினாலும் போகவில்லை. வெள்ளெழுத்தாக்கும் என்று கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி, "அம்மா, இது கண்ணாடியால் தீராது, டொக்டரிடம் போங்கள்" என்றார். டொக்டர், கண்ணின் உட்புறத்திலுள்ள விழித்திரையைப் படமெடுக்கும் நகரத்து நிலையம் ஒன்றுக்கு அனுப்பினார். குறையும் சொல்லப்போவதால் நிலையத்தின் பெயரை எழுதவில்லை.

முதலில் அங்கே படம் எடுக்கும் தங்கச்சியைப் பாராட்ட வேண்டும். அந்தக் கமரா ஒரு தடவைக்கு 45 பாகை அளவைத்தான் பிடிக்குமாம். என் கோளாறோ ஓரமாக ஒளிந்திருந்தது. பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொன்னார், பிறகு மேலே, பிறகு மூக்குப் பக்கம். புகை மண்டிய கண் என்பதால் படம் கலங்கிக் கலங்கி வந்தது. ஏழாவது தடவைதான் அவர் முகம் மலர்ந்தது. ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

அடுத்தது ஓ.சி.டி. என்னும் ஸ்கான். ஊசியில்லை, கண்ணைத் தொடுவதுமில்லை. வெறும் ஒளியை வைத்தே விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டுகிறது. விழித்திரை ஏறக்குறைய கால் மில்லிமீற்றர் தடிப்புத்தான்; அதற்குள் அத்தனை அடுக்குகள்! ஓரிடத்தில் அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்து வீங்கியிருந்தன. பக்கத்திலேயே பழைய தழும்பு, முழங்கையில் தேய்ந்த சட்டைத் துணிபோல மெலிந்து கிடந்தது.

டொக்டர் வண்ணப் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். கறுப்பு விளிம்புள்ள பழைய தழும்பு, அதை ஒட்டிப் புதிய வெள்ளைத் திட்டு. மார்கழிப் பனிக்குள் வரும் பஸ்ஸின் விளக்குப் போல அது மங்கலாகத் தெரிந்தது. டொக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி செய்யும் வேலையாம். இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். ஆனால் இந்தக் கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்துபோன பலருக்கும் அதில் பதில் 'ஆம்' என்றுதான் வருமாம். அதனால் படமும் டொக்டரின் கண்ணும்தான் முக்கியம். கையில் மஞ்சள் சாயம் ஏற்றி எடுக்கும் படம் எனக்குத் தேவைப்படவில்லை. புகை இன்னும் தடித்திருந்தால் ஒளி உள்ளே போகாது, அப்போது ஸ்கான் செய்து ஒலியால் பார்ப்பார்களாம்.

இந்த ஒட்டுண்ணி பூனையின் மலத்தாலும் சரியாக வேகாத இறைச்சியாலும் பரவுமாம். என் வீட்டில் இரண்டு பூனைகள். பக்கத்து வீட்டு அக்கா உடனே விரட்டச் சொன்னார். டொக்டர் சிரித்தார். தழும்பு பழையது, பிறக்கும்போதே வந்ததாகவும் இருக்கலாம். பூனையின் மலத்தை நாள்தோறும் அகற்றிக் கையைக் கழுவுங்கள், இறைச்சியை நன்றாக வேகவையுங்கள், அது போதும் என்றார். பூனைகள் இப்போதும் தையல் மெசினுக்குக் கீழேதான் படுக்கின்றன.

இனிக் குறை. கண்மணியை விரிக்கும் சொட்டு விடுவார்கள், துணைக்கு ஆள் கூட்டி வாருங்கள் என்று முன்னதாக யாரும் சொல்லவில்லை. நான் சைக்கிளில் போயிருந்தேன். நடுப்பகல் வெயிலில் காங்கேசன்துறை வீதி முழுவதும் ஒரே வெள்ளையாக எரிந்தது. தட்டாதெருச் சந்தி தாண்டியும் ஏறி ஓட்டத் துணிவு வராமல் உருட்டிக்கொண்டே வந்தேன். அன்று தைக்கவும் முடியவில்லை.

அதைவிடக் கோபம், 7,500 ரூபா வாங்கிக்கொண்டு சாதாரணக் கடதாசியில் மை பரவிய கறுப்பு வெள்ளைப் பிரதி தந்ததுதான். இந்த நோய் திரும்பி வரக்கூடியது. வந்தால் பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் புதியது எது என்று சொல்வார்கள். எனக்குக் கிடைத்த பிரதியில் தழும்பு எது, நிழல் எது என்று பிரிக்க முடியவில்லை. அறிக்கையில் தமிழ் ஒரு வரிகூட இல்லை. அமெரிக்க மிசனிலிருந்து 1847இல் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த ஊர் இது.

ஆறு வாரம் மாத்திரை முடித்து மறுபடி போனேன். தங்கச்சி இரண்டு படங்களையும் திரையில் அருகருகே வைத்தார். வெள்ளைத் திட்டு சுருங்கி, ஓரத்தில் கறுக்கத் தொடங்கியிருந்தது. வண்ணப் பிரதிக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டு, திரையை என் கைபேசியில் படம்பிடிக்க விட்டார். அடுத்த படம் ஆவணியில். மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்துதான் போவேன்.